லிப்ட் இல்லாத ஊரில் ஒரு லிப்ட்காரர்

எங்கள் ஊரில் உயரமானவை என்று பார்த்தால் தென்னை, பள்ளிவாசல் மினாரா, கோயில் மணிக்கூண்டு, அவ்வளவுதான். தென்னையில் காலால் ஏறிவிடுவார்கள். மினாராவில் ஒலிபெருக்கி ஏறிவிட்டதால் மனிதர் ஏறத் தேவையில்லை. மணியைக் கீழே நின்றே கயிறு பிடித்து அடித்துவிடலாம். இப்படிப்பட்ட எத்தாளை ஊருக்கு, சண்டை முடிந்து சில வருடங்களில், கட்டாரிலிருந்து ஒருவர் வந்தார். சந்தியில் என் தையல் கடைக்கு அடுத்த அறையை வாடகைக்கு எடுத்து, "லிப்ட் திருத்துமிடம்" என்று பெரிதாகப் பலகை எழுதி மாட்டினார். கீழே சின்ன எழுத்தில் "மோட்டர் வேலைகளும் செய்யப்படும்" என்று இருந்தது. அந்தச் சின்ன எழுத்துத்தான் அவருக்குச் சோறு போட்டது.

நான் அவரை நானா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். என் வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர். அவருக்கு வாய் நீளமில்லை, ஆனால் அது திறப்பதற்கு எடுக்கும் நேரம் நீளம். கட்டாரில் பெரிய பெரிய மாடிகளில் லிப்ட் ஓடும் விதத்தைக் கணினியில் சரிசெய்வதுதான் அவருடைய வேலையாம். ஏறுகிறவனுக்கு ஏறுவது தெரியக்கூடாது, நிற்கிறவனுக்கு நின்றது தெரியக்கூடாது. அந்த வேலையைப் பல வருடம் செய்து, கடைசியில் மனிதரே அப்படி ஆகிவிட்டார்.

கதிரையில் அவர் உட்காருவதைப் பார்க்கவேண்டும். கதிரையில் ஏற்கெனவே ஒரு குழந்தை தூங்குகிறது போல, முதலில் ஓரத்தைத் தொட்டு, பிறகு கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். மோட்டார் சைக்கிளில் வந்தால் மதகடியிலேயே வேகத்தைக் குறைக்கத் தொடங்குவார். கடை வாசலுக்கு வரும்போது நடக்கிறவர்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள். புத்தளம் பஸ்ஸில் ஏறினால், இறங்கும் இடத்துக்கு மிக முன்னாலேயே சாரதியிடம் போய் நிற்பார். "தம்பி, பிரேக்குக்கும் ஒரு மரியாதை இருக்கு" என்று அவர் சொன்னதைக் கேட்டு ஒரு சாரதி, மரியாதையோடு அங்கேயே இறக்கிவிட்டுப் போனதும் உண்டு.

அவருடைய எதிரிக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: வெடுக்கு. நாங்கள் வெடுக்கென்று இழுத்தான், வெடுக்கென்று பேசினான் என்போமே, அந்த வெடுக்கைத் தனியாகப் பிய்த்தெடுத்து ஒரு பொருளாக்கி வைத்திருந்தார். "வேகம் ஆரையும் விழுத்தாது தங்கச்சி. வெடுக்குத்தான் விழுத்தும்" என்பார். இதை எனக்குச் சொல்வதற்கு முன் என் சுகம், என் கணவர் சேவியரின் சுகம், களப்புத் தண்ணிப் பக்கம் காற்று மாறியதா இல்லையா என்பதெல்லாம் கேட்டு முடித்திருப்பார்.

இந்தப் பழக்கத்தால் விளைந்த நன்மைகளையும் சொல்லவேண்டும். ஒருநாள் நான் இஸ்திரிப் பெட்டியை ஒரு சட்டையின் மேல் வைத்துவிட்டு, வாசலில் ஒருத்தியோடு கதைத்துக்கொண்டு நின்றேன். அவர் தன் அறையிலிருந்து வந்தார். சுகம் கேட்டார். சேவியரின் புண்ணுக்குப் போட்ட மருந்து பிடிக்கிறதா என்றார். இந்த வருடம் மழை பிந்துகிறதே என்றார். பிறகு, குரலை மெல்ல ஏற்றி, "தங்கச்சி, உள்ளுக்குக் கொஞ்சம் மணக்குற மாதிரி இல்லயா?" என்றார். மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைக்குத் தைத்த வெள்ளைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் உருவம் அச்சுப் பிசகாமல் விழுந்திருந்தது.

"நானா, நெருப்பெண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன?"

"சொன்னா நீங்க திடுக்கிட்டு ஓடியிருப்பீங்க. வயர்ல கால் தட்டி விழுந்திருப்பீங்க."

நான் விழவில்லை. சட்டைதான் போயிற்று.

இன்னொரு முறை, முந்தல் ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு அவருடைய மாமா மவுத்தான செய்தியைச் சொல்லும் பொறுப்பை இவரிடம் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்களைத்தான் குறை சொல்லவேண்டும். இவர் போய், தேத்தண்ணி குடித்து, மாமாவின் வயதைக் கேட்டு, அந்தக் காலத்து ஆட்களின் உடம்பே தனி என்று ஆரம்பித்து, விசயத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே மாமாவின் மையத்தை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். "ஆனா அந்த மனுசன் அழேல்ல தங்கச்சி, நல்லாத் தாங்கிக்கிட்டார்" என்று என்னிடம் சொன்னார். மாமாவை நினைத்து அழவேண்டிய நேரத்தில் இவரை அடிக்காமல் இருக்கவே அந்த ஆளுக்குப் பொறுமை முழுவதும் செலவாகியிருக்கும்.

மதுரங்குளிப் பக்கம் ஒரு கலியாண மண்டபத்தின் முதலாளி கொழும்பில் எதையோ பார்த்துவிட்டு வந்து, மணமக்கள் மேடைக்குக் கீழேயிருந்து எழும்பி வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். வேறு ஆட்களை வைத்துச் செய்த முதல் ஏற்பாட்டில் மோட்டர் தூக்கிய தூக்கில் மாப்பிள்ளையின் தொப்பி பறந்து, மணப்பெண் "உம்மா!" என்று கத்தியது வீடியோவில் பதிந்தது. அப்போதுதான் யாரோ இவருடைய பலகையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். வாழ்க்கையில் முதன்முதலாகப் பெரிய எழுத்துக்கு வேலை வந்தது.

மாதக்கணக்கில் செய்தார். அடுத்த கலியாணத்துக்கு நானும் போயிருந்தேன். மணப்பெண்ணின் சட்டை என் தையல். பெரிய சஹன் தட்டுகள் வைத்து ஆட்கள் சோற்றைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். வீடியோக்காரர் ஒரு நிமிடம் சோற்றுப் பக்கம் திரும்பினார். பிறகு பார்த்தால் மேடையில் மணமக்கள் இருக்கிறார்கள். சத்தமில்லை, ஆட்டமில்லை, ஒருவரும் கவனிக்கவில்லை. இன்றைக்கும் அந்த வீடியோவில் வெறும் மேடை தெரியும். அடுத்த காட்சியில் ஜின் கொண்டுவந்து வைத்த மாதிரி இரண்டு பேர் இருப்பார்கள்.

முதலாளி வாசலில் வைத்தே கத்தினார். "சனம் பாக்கத்தானே நானா இந்தச் செலவு! ஒருத்தனும் பாக்கல்லயே!"

இவர் முகம் முழுக்கச் சந்தோசம். "அல்ஹம்துலில்லாஹ். அதுதான் வேலை. வந்தது தெரியக்கூடா."

அந்த மண்டபத்தில் பிறகு அவருக்கு வேலை இருக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களை விரட்டியபோது, வள்ளத்தில் கல்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர். அப்போது இளந்தாரி. போகச் சொல்லிவிட்டு மூட்டை கட்டவும் நேரம் கொடுக்கவில்லை என்று எல்லோரும் சொல்லும் கதைதான். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு மனிதரைக் கண்டால் அவருக்குக் காரணம் கண்டுபிடிக்காமல் இருக்க முடியாது. ஒருநாள் பெரிய கெட்டிக்காரியாக, "நானா, அண்டைக்கு அப்பிடி வெடுக்கெண்டு கிளப்பினதாலதானே உங்களுக்கு இந்தக் குணம்?" என்று கேட்டேன்.

யோசித்தார். வழக்கம்போல் நீளமாக. "இல்ல தங்கச்சி. சின்னதிலயிருந்தே எனக்கு வாகனம் ஏறினா சத்தி வரும்."

எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. அவர் ஊசியில் நூல் கோக்கும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "உம்மா ஊத்தின தேத்தண்ணி மட்டும் மேசையிலயே நிண்டது. நிறைய ஊத்தியிருந்தா" என்றார். பிறகு காற்று மாறியதைப் பற்றிப் பேசினார்.

இனி சேவியரின் கதைக்கு வரவேண்டும். என் கணவர் ஆழத்தில் மூழ்கிக் கடலட்டை குளிக்கப் போகிறவர். ஒருநாள் சிலிண்டரில் காற்று முடிகிறதென்று ஆழத்திலிருந்து நேரே மேலே வந்துவிட்டார். அப்படி வந்தால் இரத்தத்தில் குமிழி கட்டும் என்பது குளிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். மூச்சு முட்டும்போது தெரிந்தது எதுவும் உதவிக்கு வராது. வள்ளத்தில் ஏறிச் சிரித்துக் கதைத்தவருக்குக் கரை வந்து சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

கால்கள் அவர் சொல்வதைக் கேட்காது. ஆனால் யாராவது சட்டென்று தூக்கினால் தாங்களாகவே உதைக்கும், கம்பு மாதிரி விறைக்கும். நான் தனி ஆள், என்னால் தூக்க முடியாது. வெல்டிங் வேலை செய்யும் பாஸ் ஒருவரைப் பிடித்துக் கட்டிலுக்கு மேலேயிருந்து விறாந்தை வரைக்கும் ஒரு குழாயும், அதில் துணித்தொட்டிலைத் தூக்க ஒரு மோட்டரும் போட்டேன். சுவிட்சைப் போட்டால் 'டக்'கென்று தூக்கும், 'டக்'கென்று நிற்கும். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ கால்கள் உதைத்த உதையில் சேவியர் தொட்டிலிலிருந்து நழுவிச் சீமெந்து நிலத்தில் விழுந்தார். அன்றோடு, "என்னை இனி ஒருத்தரும் தொட வேணாம்" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னோடும் பேச்சில்லை.

படுத்தே கிடந்ததில் முதுகடியில் புண் பெரிதானது. எழுப்பி இருத்தி வைக்காவிட்டால் அது எலும்புக்குப் போகும், பிறகு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டொக்டர் என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். அந்த ஆளுக்கு வெடுக்கைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நான் கடைக்கு வந்து, வெட்டிப்போட்ட துணிகளுக்கு நடுவில் இருந்து அழுதேன். நானா வந்து வாசலில் நின்றார். நான் அழுது முடிந்தபிறகு, "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய வீட்டுப் பக்கம் வாறன்" என்றார்.

வந்தார். சேவியரின் கட்டிலருகே கதிரையில் மெல்ல அமர்ந்து பாரை மீனைப் பற்றிக் கேட்டார். அடுத்த முறை வந்து பவளப்பார் பக்கம் நீரோட்டம் எப்படி என்று கேட்டார். அதற்கடுத்த முறை இறால் பண்ணைகளைத் திட்டினார். மோட்டரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. புண் எலும்பைத் தொடப் போகிறது, இந்த மனிதர் மீனைத் தொட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குசினியில் சட்டியை வேண்டுமென்றே ஓங்கி வைத்தேன். அந்தச் சத்தத்துக்கு அவர்தான் திடுக்கிட்டார்.

ஒருநாள் சேவியர் சுவர்ப்பக்கமிருந்து திரும்பி, "அது பாரை இல்ல நானா, வட்டப்பாரை" என்று திருத்தினார். அதன்பிறகுதான் நானா மேலே பார்த்து, "தம்பி, இந்த மோட்டர நான் ஒருக்காக் கழட்டிப் பாக்கட்டா?" என்று கேட்டார். சேவியர் வேண்டாமென்று சொல்லவில்லை.

என்ன செய்யப் போகிறீர்கள் என்று கடையில் நான் கேட்டபோது, என் மேசையிலிருந்த தையல் சோக்கை எடுத்து ஒரு லைனிங் துண்டில் கீறினார். "இந்தப் பக்கம் நேரம். மேல நோக்கி வேகம்." ஒரு சரிவு ஏறி, தட்டையாகப் போய், ஒரு சரிவு இறங்கியது. "நல்ல மெஷின் எல்லாம் இப்பிடித்தான் ஓடும். பாஸ் செஞ்சதுக்கு இந்தச் சரிவும் இல்ல. ஆனா இதும் காணாது. பாருங்க, சரிவு தொடங்குற இடத்தில மூலை, முடியிற இடத்தில மூலை. வெடுக்கு இந்த மூலைக்குள்ளதான் குந்தியிருக்கு." பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக வளைத்தார். தள்ளுவதையே மெல்லத் தள்ளத் தொடங்கி, மெல்ல விடவேண்டும், அதுதான் விசயம்.

அந்த வளைவு எனக்குத் தெரிந்ததுதான். சட்டைக்குக் கைக்குழி அப்படித்தான் வெட்டுவோம். மூலை வைத்து வெட்டினால் கையைத் தூக்கிய முதல் நாளே அக்குளில் கிழியும். இதைச் சொன்னேன். "அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியுமே!" என்று அவர் மகிழ்ந்துபோனார். கைக்குழியை நான் ஒரு பீடி குடிக்கும் நேரத்தில் வெட்டிவிடுவேன், நீங்கள் எவ்வளவு நாள் எடுப்பீர்கள் என்றேன். அவர் மூலையொன்றை இன்னும் கொஞ்சம் வளைத்தார்.

எங்கோ மூடிக்கிடந்த ஆடைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு நல்ல மோட்டர் கொண்டுவந்தார். மடிக்கணினியை வைத்துத் தட்டினார். உப்பு மூட்டையைத் தொட்டிலில் ஏற்றி, அதன்மேல் ஒரு பலகை வைத்து, பலகையில் கிளாஸ் நிறைய பிளேன்டீ வைத்தார். விளிம்பு வரைக்கும். தண்ணீர் வைத்தால் என்ன, எதற்கு என் சீனியையும் தேயிலையையும் வீணாக்குகிறீர்கள் என்று கேட்க நினைத்து, என் நீள வாயை அன்றைக்கு மட்டும் மூடிக்கொண்டேன். மூட்டை ஏறியது, நின்றது, இறங்கியது. தேத்தண்ணி ஒரு சொட்டும் சிந்தவில்லை. இறக்கி, அதை அவரே குடித்தார்.

சேவியரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து ஏற்றினோம். ஏறும்போது ஒன்றுமில்லை. மேலே போய் நிற்கிற நேரத்தில் இரண்டு காலும் விறைத்து உதைத்தன. நான் பாய்ந்து பிடித்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உங்கள் லிப்ட்டும் உங்கள் கட்டாரும் என்று தொடங்கி, உப்பு மூட்டைக்குக் கால் இருக்கிறதா என்பதுவரை போனேன். உப்பு மூட்டைக்கு வலிப்பு வராது என்பது, ஊர் முழுக்க உப்பு விளையும் மாவட்டத்தில் இத்தனை வருடம் இருந்த மனிதருக்குத் தெரியவேண்டாமா?

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. சேவியரின் முகத்தருகே குனிந்து, "எந்த இடத்தில தம்பி?" என்று கேட்டார்.

சேவியர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நிக்கிற இடத்தில."

அதன்பிறகு உப்பு மூட்டை வீட்டுக்குள் வரவில்லை. சேவியரை வைத்தே சரிபார்த்தார். கொஞ்சம் ஏற்றுவார், நிறுத்துவார், "எந்த இடத்தில?" என்பார். விழுந்த நாளிலிருந்து மீனைப் பற்றித் தவிர அதிகம் வாய் திறக்காதவர் பதில் சொல்லத் தொடங்கினார். இப்ப தொடங்கினது பரவாயில்ல, நடுவில சரி, கடைசியில இன்னும் பிடிக்குது. ஏறும் வளைவை அப்படியே கவிழ்த்து நிற்கும் வளைவாக வைத்ததுதான் பிழை, நிற்பதற்கு அதைவிட நீளம் வேண்டும் என்று நானா கண்டுகொண்டார். வளைவின் வால் நீண்டது. நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் அந்தத் தொட்டில் நிற்பதற்குள் நான் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வரலாம் என்ற நிலைமை.

ஒரு பின்னேரம் சேவியர் கட்டிலிலிருந்து எழும்பினார், கால்கள் துணியில் சும்மா கிடந்தன. குழாய் வழியே நான் தள்ளிக்கொண்டுபோய் விறாந்தையில் கதிரைக்கு மேலே நிறுத்த, தொட்டில் இறங்கியது. இறங்கி முடிந்ததா என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. கதிரை கிறீச்சிட்டபிறகுதான் தெரிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு களப்பைப் பார்த்தபடி சேவியர் இருந்தார். அழுகிறாரா என்று பார்த்தேன், இல்லை.

"அண்டைக்குக் கீழயிருந்து இப்பிடி வந்திருக்கோணும் நானா" என்றார்.

"ஓம் தம்பி" என்றார் நானா. காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புண் ஆறியது. அதற்கு வருடம் எடுத்தது. நானாவின் சகவாசத்தில் புண்ணும் அவசரப்படவில்லை. சேவியர் இப்போது விறாந்தையில் இருந்து வலை பொத்துகிறார், போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு மீனுக்குப் பெயர் திருத்துகிறார். எனக்குத் திரும்ப ஒரு ஆள் கிடைத்தார். இதற்காக நானாவுக்கு நான் நன்றி சொல்லத் தொடங்கினால், சுகம் கேட்டுக் கேட்டே என்னை முடிக்கவிடாமல் செய்துவிடுவார்.

வாராவாரம் வந்து மோட்டரைப் பார்த்தவர், பிறகு இரண்டு வாரத்துக்கொருமுறை வந்தார். பிறகு மாதத்துக்கொருமுறை. சிறு திருத்தங்களைச் சேவியரே செய்யப் பழக்கிவிட்டார். கடையை வெள்ளிக்கிழமை பூட்டுவார். பிறகு வியாழன் பின்னேரமும் பூட்டினார். துளைபோடும் மெஷினை யாருக்கோ இரவல் கொடுத்ததாகச் சொன்னார். மன்னாரில் பழைய காணியைத் துப்புரவாக்குகிறார்கள், ஒருக்காப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று ஒருநாள் சொன்னார். பிறகு, கிணறு இறைத்தாகிவிட்டது என்றார். வேறொரு நாள், தன் மனைவிக்கு அங்கேயுள்ள தண்ணீர் பிடித்திருக்கிறது என்றார். ஒவ்வொன்றுக்கும் நான் ஓம் நானா, நல்லது நானா என்றபடி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். பலகையை வர்ணம் பூசக் கழற்றியபோதும் வர்ணம் பூசத்தான் என்று நினைத்தேன்.

பெருநாள் தையல் குவிந்திருந்த ஒரு காலை, யாரோ ஒருவர் பக்கத்து அறைக்கு முன்னால் அரிசி மூட்டை இறக்கினார். "இது நானாட கடை" என்று சண்டைக்குப் போனேன். அவர் கையிலிருந்த திறப்பைப் பூட்டில் போட்டுக் காட்டினார். உள்ளே பார்த்தேன். ஒன்றுமேயில்லை. நானா கடைசி ஆணியைக்கூடப் பிடுங்கிச் சுவரைப் பூசியிருந்தார். எந்த நாளில் போனார் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சேவியரைக் கேட்டேன். "எனக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்தவர்" என்றார் சேவியர், தானும் இப்போதுதான் விளங்கியவர் போல. "நாங்கதான் சேத்துப் பாக்கேல்ல."

போனை எடுத்து அடித்தேன்.

"தங்கச்சி! சுகமா? தம்பி எப்பிடி? அங்க காத்து மாறிட்டுதா?"

"நானா, நீங்க எப்ப போனீங்க?"

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. கலியாண மண்டப வாசலில் நின்ற அதே சந்தோசம். "தெரியேல்லத்தானே? ஒரு வெடுக்கும் இருந்திருக்காது."

"இருந்தது நானா. உங்கட கணக்குப் பிழைச்சிட்டுது."

நான் அழுவது அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். சிரிப்பு நின்றது. பிறகு, தொட்டிலருகே குனிந்து கேட்கும் அதே குரலில், மிகக் கவலையாகக் கேட்டார்.

"எந்த இடத்தில தங்கச்சி?"

"நிக்கிற இடத்தில" என்றேன்.